தம்பிக்குப் பாக்கு வைக்கப் போன தீவு

ஒரே ஒரு ஆளைக் கல்யாணத்துக்கு அழைக்க விமானம் ஏறிப் போன பைத்தியக்காரி கள்ளக்குறிச்சியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்த கையோடு கிளம்பினேன். மலேசியாவின் லங்காவித் தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன் என்று பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியைகள் இன்னும் பொறாமைப்படுகிறார்கள். நான் பார்த்த லட்சணம் எனக்குத்தான் தெரியும்.

என் மகள் கீதாவுக்குச் சங்கராபுரம் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டியவன் தாய்மாமன். எனக்கு ஒரே தம்பி, சேகர். அவன் அந்தத் தீவுக்கு ஹோட்டல் வேலைக்கென்று போனவன், பிறகு சுற்றுலா வேன் ஓட்டத் தொடங்கி, ஊர்ப் பக்கமே தலைகாட்டாமல் இருந்துவிட்டான். ஃபோனில் நன்றாகத்தான் பேசுவான். கல்யாணம் என்று ஆரம்பித்தால் மட்டும் அவனுக்குச் சிக்னல் போய்விடும்.

எங்கள் பக்கம் தாய்மாமனை ஃபோனில் அழைக்க முடியாது. நேரில் போய், தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பழம் வைத்து, கிழக்கே பார்த்து நிற்கவைத்துக் கையில் கொடுக்க வேண்டும். அதைத்தான் பாக்கு வைப்பது என்பார்கள். பாக்கைக் கையில் வாங்கியவன் வந்தே ஆக வேண்டும். வாங்கிக்கொண்டு வராதவனை அதற்குப் பிறகு எந்த வீட்டு நல்லது கெட்டதுக்கும் மதிக்க மாட்டார்கள். எப்படியாவது அவன் கையில் தட்டைக் கொடுத்துவிட்டால் வந்துதானே தீர வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

என் கணவருக்கு மரவள்ளி பிடுங்கும் சமயம். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு லோடு அனுப்பிக்கொண்டிருந்தார். "நான் வந்தா கெழங்கு கெட்டுப்பூடும். நீ டீச்சர்தான, நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசத் தெரியும். போய் வெச்சிட்டு வா" என்று சொல்லி, உளுந்தூர்பேட்டை வரைக்கும் வந்து சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அவ்வளவுதான் அவருடைய வெளிநாட்டுப் பயணம்.

மலேசியாவில் இறங்கியதுமே முதல் அடி விழுந்தது. பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த வெற்றிலைக் கவுளியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். பச்சை இலை எதுவும் உள்ளே வரக் கூடாதாம். என் தம்பி, என் மகள், கல்யாணம் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அது குப்பைக்கூடைக்குப் போனது. கொட்டைப்பாக்கும் மஞ்சளும் குங்குமச் சிமிழும் எவர்சில்வர் தட்டும் தப்பின. போன காரியம் விளங்கின மாதிரிதான் என்று அங்கேயே எனக்கு அழுகை வந்தது.

தீவின் விமான நிலையத்தில் சேகர் என் பெயரை எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூடப் பிறந்த அக்காவுக்கு அட்டை! உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. மீசையை எடுத்திருந்தான்.

"வாக்கா, வாக்கா. பழக்க தோஷம், அட்டை இல்லாம இங்க நிக்கவே வரல. இன்னா இப்டி எளைச்சிட்ட?" என்று சிரித்தான். வெளியே இன்னொரு டிரைவர் அவனைப் பார்த்து "ஹாரிஸ்!" என்று கத்திக் கையாட்டினான். யாரை என்று கேட்டேன். "என்னைத்தான்க்கா. டூரிஸ்ட்டுங்களுக்கு சேகர்ன்றது வாயில வராது" என்றான். ஆறெழுத்து ஊர்ப் பெயரையெல்லாம் ஒரு மூச்சில் சொல்லுகிறவர்களுக்கு சேகர் வராதா என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

அவன் வீட்டுக்குப் போகலாம் என்றேன். "வூடுன்னு இன்னா இருக்குது, நாலு பேரு ஒரே ரூம்ல படுத்துக்கினு கெடக்கறோம். உனக்கு வசதிப்படாது" என்று சொல்லி, கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டான். ஜன்னலைத் திறந்தால் கடல். நம் கோமுகி அணையில் தண்ணீர் திறந்துவிட்டால்கூட ஊரே வேடிக்கை பார்க்கக் கூடும்; இங்கே அத்தனை பெரிய கடல் கேட்பாரில்லாமல் கிடந்தது. நான் அதைப் பார்க்காமல் பையைத் திறந்து கொட்டைப்பாக்கை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. சாலையோரக் கடையில் தேங்காய்ப்பால் விட்டு வடித்த சோற்றை வாழையிலையில் மடித்துக் கொடுத்தார்கள். மேலே நெத்திலிக் கருவாடு, அரை முட்டை, வெல்லம் போட்ட மிளகாய்ச் சட்னி. காலையில் சோறு, அதுவும் இனிக்கிற காரத்தோடு. என் நாக்கு குழம்பிப்போனது. டீயை மட்டும் நம் ஆட்கள் மாதிரியே உயரத் தூக்கி ஆற்றினார்கள். சேகர் பேனாவை எடுத்து அந்தக் கடைத் தாளின் மேலேயே மறுநாள் முழுவதற்கும் திட்டம் போட ஆரம்பித்தான்.

"நாளைக்கி ஃபுல் டே உனக்குத்தான். காலைல கேபிள் கார். அப்பறம் அருவி. மத்தியானம் சாப்பாடு. அப்பறம் போட்ல மாங்குரோவ் காடு, கழுகுக்குத் தீனி போடறது. சாயந்திரம் பீச்ல சூரியன் எறங்கறத பாக்கற."

"பாக்கு எப்படா வாங்கிக்கற?"

"அதுக்கு இன்னாக்கா அவசரம்? மொதல்ல சுத்திப் பாரு. இவ்ளோ தூரம் வந்துட்டு எதையும் பாக்காம போவியா?"

"நான் சுத்திப் பாக்கவாடா வந்தேன்?"

அவன் தாளைப் பார்த்துக்கொண்டே, "போட்டுக்கு முன்னாடியே சொல்லி வெக்கணும், வெள்ளிக்கிழமை இங்க லீவு, கூட்டம் ஜாஸ்தி" என்றான்.

எனக்கும் ஒரு திட்டம் இருந்தது. வெள்ளிக்கிழமை நல்ல நாள். ஆனால் பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். மூன்று முதல் நாலரை எமகண்டம். இரண்டுக்கும் நடுவில் மதியம்தான் சுத்தமான நேரம். இதில் ஒரு பெரிய சந்தேகம் வந்துவிட்டது. என் கைக்கடிகாரம் இன்னும் ஊர் நேரத்தில்தான் ஓடியது. இங்கே இரண்டரை மணி முன்னால் போகிறது. ராகு எந்த ஊர் கடிகாரத்தைப் பார்ப்பார்? கணவருக்கு ஃபோன் போட்டேன். அவர் கிழங்கு வண்டியை நிறுத்திவிட்டு ஜோசியரைப் போய்ப் பார்த்தார்.

"எந்தூர்ல நிக்கிறியோ அந்தூர் சூரியன்தான் கணக்காம். இன்னாடி, இன்னுமா வெக்கல? மாமன் கையில பாக்கு குடுக்க ரெண்டு நாளா?"

ஆக, மதியம் என்று முடிவு செய்து சேகரிடம் சொன்னேன். அவன் பேனா நின்றது. "மத்தியானம் ஒரு மணிக்கு மேல எனக்கு ஒரு மணி நேரம் வேல இருக்குதுக்கா. அது மட்டும் மாத்த முடியாது" என்றான். தீவு முழுவதும் லீவு விடுகிற நாளில், சொந்த அக்கா வந்திருக்கும்போது, அப்படி என்ன மாற்ற முடியாத வேலை? கோபத்தில் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

வெள்ளிக்கிழமை கேபிள் கார் ஓடவில்லை. மேலே காற்று பலம் என்று கதவை மூடிவிட்டார்கள். பஸ் பஸ்ஸாக வந்த சீனர்களும் வடநாட்டுக்காரர்களும் மலையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ராகு காலம் தொடங்க நேரம் இருந்தது. அங்கேயே வேப்பமரம் மாதிரி இருந்த ஏதோ ஒரு மரத்தடியில் தட்டை எடுத்தேன். சேகர் என் கையைப் பிடித்து, "பார்க்கிங்லயா? நல்லாருக்குமாக்கா?" என்றான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அடுத்தது அருவி. படிகள் ஏற ஏற மூச்சு வாங்கியது. கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பள்ளியில் நான் வேலை பார்த்த காலத்தில், மேகம் அருவிக்கு ஒற்றையடிப் பாதையில் பிள்ளைகளோடு போயிருக்கிறேன். பாறையில் வழுக்கி விழுந்தால் தூக்க ஆள் கிடையாது, டீக்கடை கிடையாது. இங்கே அதே உயர அருவிக்குக் கைப்பிடி, பலகை, கழிப்பறை, ஐஸ்கிரீம். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் ஒன்றாக இருந்தது. "நம்மூர்ல இப்டி வெச்சா எவ்ளோ பேரு வருவாங்க" என்றேன். "நம்மூர்ல அருவிய யாருக்கா பாக்கறாங்க, யாரு வூட்ல யாரு கை நனைக்கிறாங்கன்னுதான பாத்துக்கினு இருப்பாங்க" என்றான் சேகர். வெடுக்கென்று வந்தது அந்தப் பேச்சு. நான் பதில் சொல்வதற்குள் ஒரு குரங்கு என் மஞ்சள் பையைப் பிடித்து இழுத்தது.

நான் ஒரு பக்கம், குரங்கு ஒரு பக்கம். பையை விடவே மாட்டேன் என்று பாறையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் ஏதோ கத்தினாள். பழத்தைக் கொடுத்துவிடு, உயிரைக் கொடுக்காதே என்று சொல்கிறாள் என்றான் சேகர். கடைசியில் தட்டில் வைப்பதற்காக வாங்கியிருந்த வாழைப்பழச் சீப்போடு அது போனது. சேகர் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெற்றிலை போயிற்று, பழம் போயிற்று, இனி தம்பியும் போய்விடுவான் என்று தோன்றிவிட்டது. அத்தனை பேர் எதிரில் பாறைமேல் உட்கார்ந்து அழுதேன். அவன் பக்கத்தில் வந்து நின்றானே தவிர, வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு வயல்களுக்கு நடுவே ஒரு மரவீட்டின் முன்னால் வேனை நிறுத்தினான். தூண்கள் மேல் நின்ற வீடு. எருமைகள் சேற்றில் கிடந்தன. "தெரிஞ்சவங்க வூடு. சாப்பாடு இங்கதான்" என்று சொல்லி முன்னால் ஏறிப் போனான். தலையில் துணி சுற்றிய ஒரு பெண் வாசலுக்கு வந்து, என் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் எடுத்துத் தொட்டு, நெஞ்சில் வைத்துக்கொண்டாள். மலாய்க்காரப் பெண். பெயர் ரோஹானா என்றான் சேகர். அவள் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் என்னை முறைத்தது.

அந்த முறைப்பு எங்கள் அம்மாவுடையது. அந்தப் புருவம், அந்த மூக்கு, அப்படியே. பலகையில் உட்கார்ந்தேன்.

சேகர் உள் அறைக்குப் போனான். திரும்பி வந்தபோது கட்டம் போட்ட லுங்கியும் வெள்ளைத் தொப்பியும் போட்டிருந்தான். என் எதிரில் ஒரு நிமிஷம் நின்றான். நான் நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்ற மாதிரி இருந்தது. எங்கோ பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். "ஒரு மணி நேரத்துல வந்துடறேன். சாப்பிடுக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

சுவரில் அவர்களுடைய கல்யாணப் படம் மாட்டியிருந்தது. இடுப்பில் ஜரிகைத் துணி கட்டிக்கொண்டு சேகர் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன் கல்யாணத்துக்குத் தட்டு தூக்க ஒரு அக்கா இருந்தாள், அவளை யாரும் அழைக்கவில்லை. ஏன் அழைக்கவில்லை என்று எனக்கே தெரிந்திருந்ததால் கோபப்படவும் முடியவில்லை. ரோஹானா சோறும், புளி கரைத்துவிட்ட மீன் குழம்பும், முருங்கைக்கீரையும் பரிமாறினாள். கீரையைக் காட்டி, வாசல் பக்கம் கைகாட்டி, சேகர் போன திசையைக் காட்டினாள். அவன் கேட்டு நட்ட மரமாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமையில் நான் மீன் தொடமாட்டேன். அன்றைக்குத் தொட்டேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

கைக்குட்டை எடுக்கப் பையைத் திறந்தபோது அவள் தட்டைப் பார்த்துவிட்டாள். பாக்கையும் மஞ்சளையும் தொட்டுப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. சட்டென்று எழுந்து பின்பக்கம் போனவள், கை நிறைய வெற்றிலையோடு வந்தாள். வேலியில் கொடி ஏற்றியிருந்தாள் போலிருக்கிறது. ஒவ்வொரு இலையாகத் தன் துணியில் துடைத்து, காம்பெல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கி, என் தட்டில் வைத்தாள். மேலே இரண்டு பழமும் வைத்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை.

சேகர் திரும்பி வந்து தட்டைப் பார்த்ததும் வாசல்படியிலேயே நின்றுவிட்டான். அவள் அவனிடம் நெடுநேரம் பேசினாள். "இன்னாடா சொல்றா?" என்றேன்.

"அவங்களுக்கும் இதே வழக்கந்தானாம்க்கா. கல்யாணத்துக்குக் கேக்கப் போனா வெத்தலத் தட்டோடதான் போவாங்களாம். ஊர்லருந்து ஆளு வந்து கூப்ட்டா போய்த்தான் ஆகணும், எப்ப கெளம்பறன்னு கேக்கறா."

எமகண்டம் முடியும்வரை படகில் போனோம். சதுப்புநிலக் காட்டுக்குள் தண்ணீர் வற்றிப்போய்ப் படகு சேற்றில் தட்டி நின்றது. படகுக்காரர் கழியால் ஊன்றித் தள்ளினார். மேலே கழுகுகள் சுற்றின. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தம்பியைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"வந்துடுடா. வந்து பட்டத்தக் கட்டிட்டு அன்னிக்கே போயிடு. யாருக்கு இன்னா தெரியப் போவுது?"

"கோயில்ல சூடம் காட்டுவாங்க. துன்னூறு பூசுவாங்க. நான் நடிக்கணும்க்கா. நடிச்சிட்டு வந்து இவ மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

"அப்ப உள்ளதச் சொல்லிட்டே வா."

"சொல்லிட்டு வந்தா சங்கராபுரத்துக்காரங்க வுடுவாங்களா? மணவறையிலயே எழுந்திரிச்சிடுவாங்க. அப்டியே கட்டினாலும் தெனம் தெனம் அத சொல்லியே கீதாவக் கொல்லுவாங்க. நம்ம ஆளுங்கள உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் என் தலையெழுத்து. ரோஹானாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா, எவன் என்ன சொல்கிறான் பார்க்கலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பந்தலில் நிற்கப்போகிற ஒவ்வொரு முகமும் கண் முன்னால் வந்தது. என் கணவர் முகம் முதலாவதாக வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்தப் படகில் எனக்கு வந்த வேதனையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அவன் திட்டத்தில் கடைசியாக இருந்தது கடற்கரை. இருட்டுவதற்குமுன் நூற்றுக்கணக்கான பேர் மணலில் மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வானம் முழுக்கக் குங்குமம் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது.

"இப்ப வெய்க்கா, வாங்கிக்கிறேன்" என்றான் சேகர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வரியா?"

"வரல. ஆனா வாங்கிக்கிறேன். ஊர்ல கேட்டா, பாக்கு வெச்சேன், ரெண்டு கையாலயும் வாங்கிக்கினு வரேன்னு சொன்னான், வராம ஏமாத்திட்டான்னு சொல்லு. நல்லாத் திட்டுவாங்க. திட்டிட்டுப் போவட்டும். ஏன் வரலன்னு யாரும் தோண்ட மாட்டாங்க. பாக்கு வாங்காம வுட்டாதான் இன்னா விஷயம், இன்னா விஷயம்னு இங்க வரைக்கும் ஆளு வுட்டு விசாரிப்பாங்க."

முந்தின நாள் டீக்கடைத் தாளில் ஒரு முழுநாளைப் பிரித்துப் போட்ட அதே நிதானத்தோடு தன் பெயரைக் கெடுத்துக்கொள்ளவும் திட்டம் போட்டிருந்தான். வேண்டாம்டா என்றேன். காலையிலிருந்து வாங்கிக்கொள், வாங்கிக்கொள் என்று துரத்தியவள், தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தரமாட்டேன் என்று அழுதேன். "கீதாவுக்கு மாமன் செய்யறது இது ஒண்ணுதான்க்கா. குடு" என்றான்.

அத்தனை பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்து நின்றான். செருப்பைக் கழற்றிவிட்டான். நான் தட்டைக் கொடுத்தேன். ரோஹானா அடுக்கிய வெற்றிலை குலையாமல் அப்படியே இருந்தது. இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வரேன்க்கா" என்று சத்தமாகச் சொன்னான். யாரோ எங்களைப் படம் எடுத்தார்கள்.

கல்யாணம் கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் ரோட்டு மண்டபத்தில் நடந்தது. என் பெரியம்மா மகன் ஒருவர் மாமன் ஸ்தானத்தில் நின்று பட்டம் கட்டினார். கீதா கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சேகர் சொல்லிக்கொடுத்ததை நான் ஒரு எழுத்து மாற்றாமல் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அவன் கணக்குத் தப்பவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. திட்டத்தான் செய்தார்கள். பந்தியில், மேடையில், கை கழுவுகிற இடத்தில், எல்லா இடத்திலும் அதே பேச்சு. "பாக்க வாங்கிக்கினு வரலன்னா அவன்லாம் ஒரு மனுசனா?" என்று என் கணவர் சம்பந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அத்தை என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்ல வந்திருந்தாள், நல்ல மனுஷிதான்.

"வுடுங்க சம்பந்தி. அக்கா பொண்ணுக்குப் பாக்க வாங்கிக்கினு வராதவன், வாங்கின அந்தக் கை வெளங்குமா?"

மேடையில் கீதா என்னைப் பார்த்தாள். நான் "வெளங்காது" என்றேன்.